கையைப் பிடிக்காதீர்கள்; வழியைச் சொல்லுங்கள்!

பனி மூடிய மலை. செங்குத்தான சரிவு. அந்தச் சரிவில் இரண்டு பெண்கள் சறுக்கி இறங்குகிறார்கள். சாலையில் கார் பறப்பது போன்ற வேகம்!

முன்னால் போகிறவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

பின்னால் வருகிறவருக்கு?

இடது கண்ணில் பார்வையே கிடையாது. வலது கண்ணில் இருக்கும் பார்வை, நூற்றில் 5 பங்குக்கும் குறைவு.

பந்தயத்தில் ஓடுகிறவர், பின்னால் வருகிற அந்தப் பெண்தான்! முன்னால் போகிறவர் வழிகாட்டி.

இப்படிச் சறுக்கி, உலக விழாவில் தங்கப் பதக்கம் வாங்கியவர் மெனா பிட்ஸ்பாட்ரிக். இங்கிலாந்து நாட்டுப் பெண்.

"அடடா, என்ன அதிசயம்!" என்று சொல்லி, பக்கத்தைப் புரட்டிவிடத் தோன்றும். அப்படிப் புரட்டிவிடக் கூடாது. இது அதிசயம் அல்ல. இதில் ஒரு முறை இருக்கிறது. ஒரு பழக்கம் இருக்கிறது. அந்த முறையை அறிந்துகொள்வது, கண் தெரியாத பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் பயன்படும்.

5 வயதில் பனி மேல்!

மெனா பிறந்தது 1998ஆம் ஆண்டு மே மாதம். ஊர், இங்கிலாந்தில் உள்ள மாக்கிள்ஸ்பீல்டு. பிறக்கும்போதே கண்ணின் உட்திரையில் மடிப்பு விழுந்திருந்தது. வெளிச்சம் விழுந்து உருவம் தெரியும் இடம் அந்தத் திரைதான். அது சுருங்கி மடிந்திருந்தால், கண் திறந்திருந்தும் பயன் இல்லை.

இப்படி ஒரு குழந்தை பிறந்தால், வீட்டில் என்ன செய்வார்கள்?

"ஓடாதே, விழுந்துவிடுவாய்" என்பார்கள். "மூலையில் உட்கார், நான் எடுத்துத் தருகிறேன்" என்பார்கள். எல்லாம் அன்பினால்தான். ஆனால், அந்த அன்பே பிள்ளைக்கு விலங்கு ஆகிவிடுவது உண்டு.

மெனாவின் வீட்டில் அப்படி நடக்கவில்லை. குடும்பத்தோடு பனிமலைக்குப் போனபோது, அவருக்கும் காலில் சறுக்குப் பலகை மாட்டினார்கள். அப்போது அவருக்கு வயது 5. முன்னால் தந்தை போவார். பின்னால் மகள் போவாள். அதுதான் முதல் பாடம்.

மான்செஸ்டர் நகரில், கூரைக்கு உள்ளேயே பனி பரப்பிய ஒரு சறுக்குத் தளம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டில், அங்கே அவர் சறுக்குவதை, கண் பார்வை குறைந்த ஒரு பனிச்சறுக்கு வீரர் கவனித்தார். "இந்தப் பெண் பந்தயத்துக்கு ஏற்றவள்" என்று கண்டுகொண்டார். மெனாவின் பந்தய வாழ்க்கை அங்கிருந்து தொடங்கியது.

காதில் ஒரு குரல்

கண் தெரியாமல் எப்படிச் சறுக்குகிறார்?

இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். அதற்குள் கம்பி இல்லாத பேசும் கருவி. முன்னால் போகிறவர் பேசுவது, பின்னால் வருகிறவர் காதில் விழும். பின்னால் வருகிறவர் பேசுவது, முன்னால் போகிறவர் காதில் விழும்.

"இடது பக்கம் திரும்பு."

"வலது பக்கம் திரும்பு."

"இங்கே மேடு."

"இங்கே பனி இறுகிக் கிடக்கிறது. பலகை வழுக்கும்."

இப்படி முன்னால் இருப்பவர் சொல்லிக்கொண்டே போகிறார். நீளமாகப் பேச நேரம் இல்லை. ஒரு சொல், இரண்டு சொல், அவ்வளவுதான். சொல் சற்றுத் தாமதமாக வந்தால், திரும்ப வேண்டிய இடம் கடந்து போயிருக்கும்.

பின்னால் வருகிறவரும் சும்மா வருவது இல்லை. "தூரம் கூடிவிட்டது, கொஞ்சம் நிதானம்" என்பார். "நெருங்கிவிட்டேன், வேகமாகப் போகலாம்" என்பார். பேச்சு இரண்டு பக்கமும் நடக்கிறது.

வழிகாட்டி, கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலுடை அணிந்திருப்பார். பார்வை கொஞ்சம் மிஞ்சி இருப்பவர்களுக்கு, வெள்ளைப் பனியின் நடுவே அந்த நிறம் மங்கலாகத் தெரியும். உருவம் தெரியாது, நிறம்தான். பார்வை முழுவதும் இல்லாதவர்களுக்கு அதுவும் இல்லை. குரல் ஒன்றே துணை.

தொடக் கூடாது!

இந்தப் பந்தயத்தில் ஒரு விதி உண்டு. எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விதி அது.

பந்தயம் தொடங்கிவிட்டால், வழிகாட்டி வீரரைத் தொடக் கூடாது! கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதுகைத் தள்ளக் கூடாது. தொட்டால், பந்தயம் செல்லாது.

வழிகாட்டி முன்னால் போகலாம். கண்ணில் கண்டதைச் சொல்லலாம். சறுக்க வேண்டியவர், கண் தெரியாதவர்தான். எவ்வளவு சாய வேண்டும், எப்போது காலை அழுத்த வேண்டும், எவ்வளவு வேகத்துக்குத் துணிய வேண்டும் என்பது எல்லாம் அவர் பொறுப்பு.

உதவி வேறு, தூக்கிச் சுமப்பது வேறு. இந்த வேறுபாட்டை அந்த விதி அழகாகக் காட்டிவிடுகிறது. தூக்கிச் சுமந்தால், பிள்ளை ஊர் போய்ச் சேரும். ஆனால் வழி தெரியாது. சொல்லிக் கொடுத்தால், மறுநாள் தானே போகும்.

முதல் நாள் விழுந்தார்

மெனாவுக்கு 2015ஆம் ஆண்டில் ஒரு நல்ல வழிகாட்டி கிடைத்தார். பெயர் ஜெனிபர் கீயோ. பிரிட்டிஷ் ராணுவத்தின் பொறியியல் படையில் அதிகாரி. பனிச்சறுக்கில் கைதேர்ந்தவர். மெனாவை விட வயதில் மூத்தவர்.

இருவரும் சேர்ந்த அடுத்த ஆண்டே, 2016ல், பார்வை குறைந்த பெண்களுக்கான உலகக் கோப்பைப் போட்டிகளில் மொத்தப் புள்ளியில் முதலிடம் பெற்றார்கள்.

பிறகு வந்தது பெரிய விழா. பாராலிம்பிக் என்பது, உடல் குறை உள்ளவர்களுக்காக நடக்கும் உலக விளையாட்டு விழா. அதில் குளிர்கால விழா 1976ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டில் தொடங்கியது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், தென் கொரியாவில் உள்ள பியோங்சாங்கில் அந்த விழா நடந்தது. மெனாவுக்கு வயது 19.

மலைச் சறுக்கில் 5 வகைப் பந்தயங்கள் உண்டு. எல்லாவற்றிலும் வேகமானது டவுன்ஹில். மணிக்கு 100 கிலோ மீட்டரையும் தாண்டும் வேகம். எல்லாவற்றிலும் வளைவு அதிகம் உள்ளது ஸ்லாலம். நட்டு வைத்த கம்பங்களுக்கு இடையே, பாம்பு போல வளைந்து வளைந்து இறங்க வேண்டும். மற்ற மூன்றும் இவற்றுக்கு இடைப்பட்டவை.

மார்ச் 10ஆம் தேதி, முதல் பந்தயம். டவுன்ஹில். மெனா விழுந்துவிட்டார்! பதக்கம் போயிற்று.

அந்த வேகத்தில் விழுந்தவர், மறுநாள் மீண்டும் மலை உச்சியில் நிற்க வேண்டும். முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முதல் நாள் கேட்ட அதே குரலை நம்பி, மீண்டும் பாய வேண்டும். நம்பிக்கை என்பது இதுதான். விழாத வரையில் நம்புவது சுலபம். விழுந்த பிறகு நம்புவதுதான் கடினம்.

மெனா நம்பினார். அடுத்த பந்தயத்தில் வெண்கலம். அதற்கு அடுத்ததில் வெள்ளி. நான்காவதில் இன்னொரு வெள்ளி.

அந்த நான்கு பந்தயங்களிலும் தங்கம் வாங்கியவர் ஒருவரே! சுலோவாக்கியா நாட்டு வீராங்கனை ஹென்ரியெட்டா பர்கஷோவா. அவருக்கு வழிகாட்டி நடாலியா ஷுபர்டோவா. அந்த ஜோடியை அசைக்க முடியாது என்று தோன்றியது.

விழாவின் கடைசி நாள், மார்ச் 18. ஸ்லாலம் பந்தயம். இரண்டு தடவை இறங்க வேண்டும். இரண்டு நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள்.

கூட்டிப் பார்த்தார்கள். மெனா முதலிடம்! பர்கஷோவா இரண்டாம் இடம். வேறுபாடு, ஒரு நொடிக்கும் குறைவு.

அந்த விழாவில் பிரிட்டிஷ் அணிக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான்.

யாருக்குப் பதக்கம்?

வெற்றி மேடையில் மெனா மட்டும் ஏறவில்லை. ஜெனிபரும் ஏறினார். இரண்டு பேர் கழுத்திலும் தங்கப் பதக்கம் விழுந்தது. வழிகாட்டிக்கும் அதே பதக்கம் கொடுப்பது இந்தப் பந்தயத்தின் வழக்கம்.

"அப்படியானால், பாதி வெற்றி வழிகாட்டியுடையது தானே?" என்று சிலர் கேட்கலாம்.

வழிகாட்டி எவ்வளவு வேகமாகப் போனாலும் தனியாகப் பதக்கம் வாங்க முடியாது. கடிகாரம் நிற்பது வீராங்கனை எல்லையைத் தொடும்போதுதான். வழிகாட்டி ஓடிப் போய், பின்னால் வருகிறவர் விழுந்தால், ஒன்றும் இல்லை.

அதேபோல், வழிகாட்டி இல்லாமல் மெனா அந்த மலையில் இறங்க முடியாது.

ஆகவே, இது பாதி பாதி அல்ல. இரண்டு பேருக்கும் முழு வெற்றி. மாட்டு வண்டியில் எந்த மாடு பாதி இழுத்தது என்று யாரும் கேட்பது இல்லை. இரண்டும் இழுத்தால்தான் வண்டி ஓடும்.

ஒருவர் துணையோடு வென்றால் அது குறைந்த வெற்றி என்று நினைப்பது தவறு. கண் நன்றாகத் தெரிகிற மனிதர்கள் மட்டும் துணை இல்லாமலா வாழ்கிறார்கள்? எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவர். தொழில் கற்றுக் கொடுத்தவர் ஒருவர். சைக்கிள் ஓட்டப் பழகும்போது பின்னால் ஓடி வந்தவர் ஒருவர். எல்லோருக்கும் எங்கேயோ ஒரு வழிகாட்டி இருந்திருக்கிறார். மெனாவின் வழிகாட்டி வெளியே தெரிகிறார். மற்றவர்களின் வழிகாட்டிகள் தெரிவது இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

நேரத்தில் கழிவு ஏன்?

இன்னொரு கேள்வியும் எழும். பார்வை அறவே இல்லாதவரும், கொஞ்சம் பார்வை உள்ளவரும் ஒரே பந்தயத்தில் ஓடினால், அது நியாயமா?

அதற்கும் வழி செய்திருக்கிறார்கள். பார்வையின் அளவைப் பார்த்து, வீரர்களைப் பல பிரிவாகப் பிரிக்கிறார்கள். பார்வை மிகக் குறைந்தவர்கள் முதல் பிரிவு. அவர்கள், வெளிச்சம் புகாத கறுப்புக் கண்ணாடி அணிந்தே சறுக்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கணக்கு வைத்து, நேரத்தில் கழிவு கொடுக்கிறார்கள். குறை அதிகம் உள்ளவருக்குக் கழிவும் அதிகம்.

இது இரக்கம் அல்ல, கணக்கு. தராசின் ஒரு தட்டு ஏற்கெனவே தாழ்ந்திருந்தால், மறு தட்டில் எடை வைத்துச் சமன் செய்த பிறகுதானே நிறுக்க வேண்டும்?

வழிகாட்டி மாறினால்?

நல்ல வழிகாட்டி கிடைத்ததால் மெனா வென்றார். அவர் இல்லாவிட்டால்? இது பெற்றோர் எல்லோருக்கும் உள்ள கவலை. "எனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?" என்று இரவில் தூங்காமல் நினைக்கும் தாய்மார்கள் உண்டு.

அதற்கும் மெனாவின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியில், மெனாவும் ஜெனிபரும் இரண்டு தங்கம் வென்றார்கள். அதில் ஒன்று டவுன்ஹில். முன்பு அவர் விழுந்த அதே வகைப் பந்தயம்! பிறகு ஜெனிபர் அந்தப் பணியில் இருந்து விலகினார். கேரி ஸ்மித் என்பவர் வழிகாட்டியாக வந்தார்.

2022ஆம் ஆண்டு மார்ச். சீனாவில் பீஜிங் விழா. கேரி ஸ்மித்துடன் இறங்கி, மெனா ஒரு வெள்ளி வாங்கினார். அப்போது வந்தது இடி. ஸ்மித்துக்குக் கொரோனா என்று சோதனையில் தெரிந்தது. அடுத்த பந்தயத்துக்கு அவர் வர முடியாது!

கேட்டி கெஸ்ட் என்ற பெண், அவர் இடத்தில் வந்து நின்றார். புதிய குரல். புதிய வேகம். அந்தக் குரலைக் கேட்டு இறங்கிய மெனா, வெண்கலம் வாங்கினார்.

இதில் இருந்து என்ன தெரிகிறது?

வழிகாட்டும் கலையை ஒருவர் மட்டும் அல்ல, பலரும் கற்கலாம். கேட்டு நடக்கும் கலையைக் கண் தெரியாதவர் ஒரு முறை நன்றாகக் கற்றுவிட்டால், குரல் மாறினாலும் நடக்கலாம். ஆகவே, தாய் ஒருத்தியே எல்லாவற்றையும் செய்யக் கூடாது. அண்ணன் கற்க வேண்டும். அக்காள் கற்க வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஆசிரியரும் கற்க வேண்டும். பிள்ளை ஒரே கையைப் பிடித்துப் பழகினால், அந்தக் கை போன அன்று திசை தெரியாமல் நிற்கும். பல குரல்களைக் கேட்டுப் பழகினால், நிற்காது.

அண்ணன் தம்பி வழிகாட்டி ஆனதும் உண்டு. அதே பீஜிங் விழாவில், ஸ்காட்லாந்து இளைஞர் நீல் சிம்ப்சன் தங்கம் வாங்கினார். பார்வை குறைந்தவர். அவருக்கு முன்னால் சறுக்கி வழி சொன்னவர், கூடப் பிறந்த ஆண்ட்ரூ!

ஆபத்து இல்லையா?

உண்டு. மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

கெல்லி காலகர் என்ற பெண் வட அயர்லாந்தைச் சேர்ந்தவர். பார்வை குறைந்தவர். 2014ஆம் ஆண்டு ரஷியாவில் நடந்த சோச்சி விழாவில், வழிகாட்டி சார்லட் இவான்சுடன் இறங்கித் தங்கம் வாங்கினார். குளிர்கால பாராலிம்பிக்கில் பிரிட்டிஷ் அணிக்கு அதுதான் முதல் தங்கம்! அதே கெல்லி, 2017ஆம் ஆண்டு இத்தாலியில் நடந்த உலகப் போட்டியில் விழுந்து பலத்த காயம் அடைந்தார். தேறி எழுந்து, 2018ல் மீண்டும் பாராலிம்பிக்கில் இறங்கினார்.

ஆபத்து இருக்கிறது. அதனால்தான் ஹெல்மெட். அதனால்தான் பல ஆண்டுப் பயிற்சி. அதனால்தான் விதிகள். ஆபத்தை அறிந்து, அளந்து, ஏற்பாடு செய்து இறங்குவது துணிச்சல். ஒன்றும் செய்யாமல் இறக்கிவிடுவது முட்டாள்தனம்.

ஆனால், இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. அது யார் கண்ணுக்கும் படுவது இல்லை. பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து, 20 ஆண்டு சோறு போட்டு, ஒரு வேலையும் பழக்காமல் விடுவதே அந்த ஆபத்து. அதில் எலும்பு முறியாது. வாழ்க்கை முறிந்துவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பனிமலை எல்லா ஊரிலும் இல்லை. சறுக்குப் பலகையும் தேவை இல்லை. மெனா காட்டிய முறை, சமையல் அறைக்கும் பொருந்தும், தெருவுக்கும் பொருந்தும், பள்ளிக்கூடத்துக்கும் பொருந்தும்.

தண்ணீர் வேண்டும் என்று பிள்ளை கேட்டால், உடனே எடுத்துக் கொடுக்க வேண்டாம். "வலது கைப் பக்கம் நாலு அடி. அங்கே குடம். குடத்தின் மேல் தம்ளர்" என்று சொன்னால் போதும். முதல் நாள் தண்ணீர் சிந்தும். சிந்தட்டும். பத்தாம் நாள் சிந்தாது.

"அங்கே இருக்கிறது", "இதோ இருக்கிறது" என்று சொல்லக் கூடாது. கண் தெரியாத பிள்ளைக்கு அங்கேயும் இங்கேயும் என்ன தெரியும்? இடது, வலது, எத்தனை அடி, மேலே, கீழே என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல் போதும். சரியான நேரத்தில் சொல்ல வேண்டும்.

பிள்ளை பேசுவதையும் கேட்க வேண்டும். "மெதுவாகப் போ" என்றால் மெதுவாகப் போக வேண்டும். "என்னை விடு, நானே செய்கிறேன்" என்றால், விட வேண்டும்.

விழுந்தால், "நான் அப்போதே சொன்னேனே!" என்று திட்டக் கூடாது. முதல் பந்தயத்தில் விழுந்த மெனாவை அத்தோடு திருப்பி அனுப்பி இருந்தால், 4 பதக்கமும் வந்திருக்காது.

இரக்கப்படுவது சுலபம். அதற்கு ஒரு பெருமூச்சு போதும். வழி சொல்லக் கற்றுக்கொள்வது கடினம். அதற்குப் பொறுமை வேண்டும். தானும் அந்த வழியில் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும்.

கண் தெரியாத ஒரு பிள்ளை, அந்த வழியை வீட்டில் கற்றுக்கொள்ளட்டும். கையை விடுங்கள். ஆனால், குரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்!